சேங்கொட்டைக் குறி

ஒருவருக்குக் குஷ்டம் என்று சந்தேகப்பட்டு மேலிடத்துக்கு எழுதுவதற்கு முன், பரிசோதிக்கிறவர் அந்தத் தடிப்பைத் தன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இறகாலும் குண்டூசியாலும் மூன்று இடங்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் படிவத்தின் ஆறாவது கட்டத்தை நிரப்ப வேண்டும். எங்கள் காலத்து விதி இது. சர்க்கார் வைத்தியசாலைகளில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியைத் தலைகீழாகவும் சொல்வேன். நான் இங்கே எழுதப்போகிற பெண்ணுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அவள் அதன்படி நடந்தாள். நான் நடக்கவில்லை.

அவள் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் சலவைக்காரி. சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆறு வளைந்து போகிற இடத்தில் உள்ள ஊர். ஆஸ்பத்திரி இன்னும் இருப்பதால் ஊரின் பெயர் வேண்டாம். தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷத்தை ஒட்டி நாலைந்து வருஷம் அங்கே நான்தான் வைத்தியன். பட்டணத்தில் நாலு வருஷம் படித்துச் சான்று வாங்கியவன். அவள் பெயரும் எனக்குத் தெரியும். மாதாமாதம் பதிவேட்டில் நானே எழுதியதுதான். இங்கே எழுதவில்லை. எழுதினால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் பெருமை சேரும். அதற்கு என் மனது இத்தனை வருஷம் கழித்தும் பழகவில்லை.

நாற்பத்தைந்து வயதிருக்கும். உவர்மண்ணில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு வந்து, கட்டுத்துணிகளையும் படுக்கை விரிப்புகளையும், கூடவே என் வீட்டுத் துணிகளையும் எடுத்துப் போவாள். எடுத்துப் போவாள் என்று சுலபமாக எழுதிவிட்டேன். ஒவ்வொரு துணியையும் இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்ப்பாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். சில துணிகளை முகர்ந்தும் பார்ப்பாள். சட்டையோ கோட்டோ என்றால் பைகளை வெளியே இழுத்து உதறாமல் மூட்டையில் போடமாட்டாள். பொடி டப்பியோ, பாக்குத் துண்டோ, என் மருந்துச் சீட்டோ, எது அகப்பட்டாலும் ஒரு பூவரச இலையில் வைத்துத் தனியே கொடுப்பாள்.

இந்த வேலை முடிய அரை மணி நேரமாகும். அந்த அரை மணி நேரத்தில் ஊரில் யாருக்கு என்ன தோல் நோய் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அதே ஊரில் தினமும் ஆறு மணி நேரம் நோயாளிகளை வரிசையில் நிறுத்திப் பார்த்த எனக்கு அதில் பாதி தெரியாது.

முதலில் இதை நான் கவனிக்கவில்லை. கவனிக்கச் செய்தவர் கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி ஒருவர். அவருக்குத் தொடையில் அரிப்பு. சொறி என்று முடிவு செய்து கந்தகக் களிம்பு எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் பூசினார். புண் பெரிதாகிக்கொண்டே போனது. களிம்பைக் கூட்டினேன். பிறகு ஒருநாள் காலை சிரித்த முகத்தோடு வந்து, சீட்டில்லாமலே என் முன்னால் உட்கார்ந்தார்.

“உம்ம கந்தகத்தைப் பூசிப் பூசி என் பெஞ்சாதியே பக்கத்துல வரமாட்டேங்காவே. போன வாரம் நம்ம சலவைக்காரி என் வேட்டியைப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா, பாத்துக்கிடும்.”

“என்ன கேட்டாள்?”

“‘வீட்டுல வேற யாருக்காவது அரிக்கா அண்ணாச்சி’ன்னா. இல்லைன்னேன். ‘அப்பம் இது சொறி இல்ல, கரப்பான். சொறின்னா வீட்டுத் துணி மொத்தத்துலயும் புள்ளி புள்ளியா ரத்தம் இருக்கும். உங்க வேட்டியில மட்டுந்தான் தண்ணி வடிஞ்சு காஞ்சு மொடமொடன்னு நிக்கி. கந்தகத்தை நிறுத்திட்டு வெறும் தேங்கா எண்ணெய் தடவுங்க’ன்னா. ஆறு நாள்ல பாதி அடங்கிட்டு. நாலு வருசம் பட்டணத்துல என்னத்தவே படிச்சீரு?”

பட்டணத்தில் நாலு வருஷத்தில் ஒருவரும் எனக்கு வேட்டியைக் காட்டவில்லை. 

அந்த வியாழக்கிழமை அவள் வந்தபோது நானே பின்வாசலுக்குப் போனேன். விதிப்படி, மருந்து சொல்லத் தகுதியில்லாதவர்கள் மருந்து சொல்லக் கூடாது என்று எச்சரிக்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அய்யா, அண்ணாச்சிக்கு உங்ககிட்ட இருக்கிற வெள்ளைக் களிம்பு கொஞ்சம் குடுத்தா மிச்சமும் ஆறிரும். எண்ணெய் மட்டும் போதாது.”

துத்தநாகக் களிம்பைத்தான் சொன்னாள். சரியான மருந்து. முதல் நாளே நான் எழுதியிருக்க வேண்டியது.

“சீட்டு எங்கே?”

“சீட்டு அவுககிட்டதான் கெடக்கு. கந்தகச் சீட்டு.”

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். களிம்பு கொடுத்தேன். பத்து நாளில் புண் மறைந்தது. குணப்படுத்தியது என் களிம்பு. கடைத்தெருவில் பேச்சு முழுக்க அவளைப் பற்றி.

அதன் பிறகு சின்னச் சின்னதாகப் பல. எங்கள் மருந்து கலக்குகிறவர் தன் பிள்ளையின் கன்னத்துக் கரப்பானை எனக்குக் காட்டுவதற்கு முன் ஆற்றங்கரையில் அவளிடம் காட்டிவிட்டு வந்தார். தாசில்தார் வீட்டுச் சமையல்காரர் கால் புண்ணோடு வந்து, “எனக்குப் படர்தாமரையாம், அதுக்கு உள்ள மருந்து குடுங்க” என்று நேரே நோயின் பெயரைச் சொன்னார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பார்த்தேன். படர்தாமரைதான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்திருப்பேன். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி பரிமாறும் கையைப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் ஆறிய வெடிப்புகளின் வெள்ளைக் கோடுகள்.

“கையில் என்ன?”

“ஒண்ணுமில்ல. ஆறிட்டு.”

“எப்போது வந்தது?”

“புளியும் சாம்பலும் போட்டு வெங்கலம் தேச்சது சேரல. மூணு மாசமா வெடிச்சு ரத்தம் வந்துது. என் முந்தானையில கறையைப் பாத்துட்டு நம்ம சலவைக்காரி, ‘அம்மா, கையைக் காட்டுங்க’ன்னா. புளியையும் சாம்பலையும் தொடாதீங்க, எண்ணெய் தடவிக்கிட்டு வேலை செய்யுங்க, ஈரத்தோட இருக்காதீங்கன்னா. அவ்வளவுதான்.”

“என்னிடம் ஏன் காட்டவில்லை?”

“நீங்க எங்க என் கையைப் பாத்திய?” என்று கேட்டுவிட்டு அவள் ரசம் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி தன் கையை வேறொருவரிடம் நீட்டியிருந்தாள். நீட்டிய இடம் ஒரு சலவைக்காரி என்பதில் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆண்பிள்ளையாக இருந்திருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதைத் திருத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

இனி டீச்சரம்மாவின் விஷயம்.

ஊரில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே புது உபாத்தினியாகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவள், இருபத்துநாலு வயது, தகப்பனில்லாதவள். பள்ளிக்கூட அறையிலேயே தங்கியிருந்தாள். வந்து ஆறு மாதமிருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூட மானேஜரின் கடிதத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். பின்கழுத்தில் ஒரு தடிப்பு; பிள்ளைகளின் தாய்மார் பயப்படுகிறார்கள்; பார்த்துச் சொல்லவும் என்று கடிதம்.

நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் முந்தானையை ஒரு விரற்கடை விலக்கினாள். காதுக்குக் கீழே தொடங்கி, கறுத்து, தடித்து, செதில் விட்டிருந்தது. வெளியே நாற்பது பேர் நின்றார்கள். எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்கவில்லை. அரிக்கிறதா என்றும் கேட்கவில்லை. குண்டூசி என் மேஜைமேல் காகிதத்தில்தான் குத்தியிருந்தது. படிவத்தை எடுத்தேன். ஆறாவது கட்டத்தில், ‘உணர்ச்சி: குறைவு’ என்று எழுதினேன். பாளையங்கோட்டை ஜில்லா வைத்திய அதிகாரிக்கு அனுப்பி, பதில் வரும்வரை அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டாம் என்று மானேஜருக்கு நகலும் அனுப்பினேன்.

மானேஜர் நல்லவர். கோடை விடுமுறை வருகிறது, அவசரமில்லை, ஜூன் மாதக் கடைசி வரை பதிலுக்குக் காத்திருப்பேன், ஜூலையில் வேறு ஆளைப் போட்டாக வேண்டும் என்று எழுதினார். ஆக, அந்தப் பெண்ணின் வேலை, அறை, பெயர் எல்லாம் ஒரு பதிலில் தொங்கின.

அடுத்த வியாழக்கிழமை சலவைக்காரி ஒரு ரவிக்கையை மட்டும் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள்.

“அய்யா, டீச்சரம்மாவுக்கு என்னன்னு எழுதியிருக்கிய?”

“உனக்கு எதற்கு அது?”

“ஊரெல்லாம் பெருவியாதின்னு பேசுது. அவுக துணியை வெளுக்கது நான். பாருங்க, நகம் போட்ட ரத்தம். பெருவியாதிக்கு அரிப்பு ஏதுய்யா? அந்த இடம் செத்துல்லா போயிரும்?” ரவிக்கையைத் திருப்பினாள். கழுத்துப் பட்டியின் உட்புறம் மூன்று கறுப்புப் புள்ளி, ஒரு கோடு. “இந்தக் குறிக்கு நேராத்தான் புண்ணு ஆரம்பிக்கி. இடுப்புலயும் சேலைக் குறி படுத இடத்துல இருக்கு. உங்ககிட்ட காட்ட வெக்கப்பட்டிருப்பாக. நான் தொட்டுப் பாத்தேன். இது கரப்பான். என்னால வந்தது.”

எந்த வீட்டுத் துணி எது என்று தெரிவதற்குச் சலவைக்காரர்கள் சேங்கொட்டைப் பாலால் குறி போடுவார்கள். ஒரு ஊசியைக் கொட்டைக்குள் குத்தி எடுத்துத் துணியில் வைத்தால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும், எத்தனை வெளுத்தாலும் போகாது. அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும் என்பது எனக்கும் தெரியும். புத்தகத்தில் இருக்கிறது.

“குறி வச்ச மேல சுண்ணாம்பு தடவி நல்லாக் காய விடணும்யா. பொங்கலுக்கு வெளுக்க வேண்டியது மலையாக் கெடந்துது. அவுக துணிக்குப் பழைய குறி மங்கிட்டுன்னு புதுசாப் போட்டேன். சுண்ணாம்பு வைக்காம, காயுமுன்ன மடிச்சுக் குடுத்துட்டேன். எல்லாருக்கும் ஒண்ணும் செய்யாது. சில உடம்புக்கு ஆகாது. என் கைத்தப்பு.”

எவ்வளவு சுலபமாகச் சொன்னாள். வாய் கோணவில்லை, குரல் இறங்கவில்லை. துணியில் உள்ள கறையைக் காட்டுகிற அதே விரலால் தன்னைக் காட்டினாள். அவளுடைய கண்ணைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது உண்டு. அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துப் பட்டது அதைவிட அதிகம்.

“எழுதியாகிவிட்டது. பதில் வரட்டும்,” என்றேன்.

அவள் ரவிக்கையை மடித்தாள். “நீங்க தொட்டுப் பாத்தியளாய்யா?”

ஆபீஸ் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. டீச்சரம்மாவின் ரவிக்கைகளில் குறி இருந்த துண்டை வெட்டி எறிந்து வேறு துணி வைத்துத் தைத்தாள். சேலையில் குறி இருந்த முனையையும் அப்படியே. நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னாள். சவுக்காரம் தொடக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பழந்துணியைத் தினம் மூன்று வேளை கழுத்தில் போட வேண்டும். ஈரம் ஒற்றியதும் தேங்காய் எண்ணெய். இவ்வளவுதான் வைத்தியம். நான் செய்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன், கூட ஒரு களிம்போடு.

மே மாதம் நடுவில் டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். தடிப்பு அடங்கிவிட்டது. கறுத்த நிழல் மட்டும் மிச்சம்.

“ஒரு தடவை தொட்டுப் பாத்திருங்க டாக்டர்,” என்றாள் டீச்சரம்மா. கெஞ்சுகிற குரல் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால் கெஞ்சி முடித்துவிட்டிருப்பாள்.

குண்டூசியை எடுத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். முதல் குத்திலேயே, “குத்துது,” என்று கழுத்தை இழுத்தாள். இரண்டாவது இடத்திலும் இழுத்தாள். மூன்றாவது இடத்திலும் அப்படியே. நான் திரும்பிப் பார்த்தபோது சலவைக்காரி எங்களுக்கு முதுகு காட்டி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அசடு வழிவதைப் பார்க்க வேண்டாம் என்று. அந்த மரியாதையையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

போகும்போது, “எழுதிருங்கய்யா. என் குறியாலதான்னு எழுதுங்க, கைநாட்டு வைக்கேன்,” என்றாள்.

மே இருபதாம் தேதி எழுதினேன். நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்காரி சுட்டிக்காட்டியபடி என்று ஒன்று தொடங்கியது, அதைக் கிழித்தேன். கடைசியில் நின்றது இது: கீழே கையெழுத்திட்டவர் மீண்டும் பரிசோதித்ததில், உணர்ச்சி முழுமையாக இருப்பதையும், தடிப்பு சேங்கொட்டைக் குறியால் வந்த கரப்பான் என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்தவர் நான். கைநாட்டு கேட்கவில்லை. உறையில் போட்டு ஒட்டினேன். தபாலில் போடவில்லை.

ஏன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். கடிதத்தில் அவள் பெயர் இல்லை. புகழ் எனக்குத்தான். ஆனாலும் அது போய்ச் சேர்ந்தால், அவள் சொன்னது சரியென்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அந்த இரண்டு பேரே அதிகம். நாளைக்குப் போடலாம் என்று மேஜை இழுப்பறையில் வைத்தேன். மேஜையை மனைவி துடைப்பாள் என்பதால், ஆணியில் தொங்கிய பழைய டிரில் கோட்டின் உள்பைக்கு மாற்றினேன்.

வியாழக்கிழமைகளில் சலவைக்காரி கேட்பது ஒன்றுதான். “பதில் வந்துட்டாய்யா?”

“வரவில்லை,” என்பேன். பொய்யில்லை. முதல் படிவத்துக்கும் பதில் வரவில்லை.

இதற்கிடையில் அவள் இன்னொரு காரியம் செய்தாள். வீடு வீடாகப் போய், “என் குறி சில உடம்புக்கு ஆகாது, குறி படுத இடத்துல அரிச்சாச் சொல்லுங்க, குறிக்குப் பதிலா நூல் முடிச்சுப் போட்டுத் தாரேன்,” என்று சொன்னாள். டீச்சரம்மாவுக்கு வந்தது பெருவியாதி இல்லை, தன் கைத்தப்புதான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஏழு வீட்டார் அதோடு அவளுக்குத் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த ஏழு வீட்டு வாசலில் அவள் நின்றிருக்க வேண்டியதில்லை. அப்போதும் அவள் நின்றிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அதைப் பொறுக்க முடியாததுதான் என் கோளாறு.

ஜூன் எட்டாம் தேதி, வியாழக்கிழமை. மேலதிகாரி வருகிறார் என்று என் மனைவி வீட்டிலுள்ள கோட்டுகளை எல்லாம் சலவைக்குப் போட்டிருந்தாள். நான் பின்வாசலைத் தாண்டும்போது சலவைக்காரி எழுந்து நின்று ஒரு பூவரச இலையை நீட்டினாள். இலைமேல் என் கடிதம். உறையில் பழுப்பு முத்திரையும் பாளையங்கோட்டை விலாசமும்.

“கோட்டுப் பையில இருந்துது. நனையல.”

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நீள உறை என்றால் சர்க்கார் தபால் என்று தெரியும். உறையின் மடிப்புகளில் கோட்டின் நூல் துசும்பு படிந்திருந்தது. ஒரு பொருள் ஒரு துணிக்குள் எத்தனை நாள் கிடந்தது என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான் எடுத்துக்கொண்டேன். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் அடுத்த துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“தபால்காரர் பத்து மணிக்கு வருவாருய்யா,” என்றாள்.

அன்றே போட்டேன். போகவும், அங்கே ஒருவர் மேஜையிலிருந்து இன்னொருவர் மேஜைக்கு நகரவும், திரும்பவும் இருபத்தேழு நாளாயின. இதில் யாரும் கணக்குப் போட வேண்டாம், நான் போட்டுவிட்டேன். மே இருபதிலேயே போயிருந்தால் ஜூன் பதினாறு.

ஜூன் முடிந்ததும் மானேஜர் சொன்னபடி வேறு உபாத்தினியைப் போட்டார். கொழும்பில் ஒரு மாமா இருப்பதாக டீச்சரம்மா கப்பல் பிடிக்கத் தூத்துக்குடிக்கு ரயிலேறினாள். ஜூலை மூன்று, திங்கட்கிழமை. சலவைக்காரி ஸ்டேஷன் வரை டிரங்குப் பெட்டியைச் சுமந்து போனாளாம். அந்தப் பெட்டியில் இருந்த துணி ஒன்றிலும் குறி இல்லை, ஒவ்வொன்றிலும் வெள்ளை நூலால் ஒரு முடிச்சு என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

பதிலில் இரண்டு வரி. உபாத்தினி வேலை பார்ப்பதில் ஆட்சேபணை இல்லை. தங்கள் கூர்மையான கவனிப்பு பாராட்டத்தக்கது. அந்தப் பாராட்டை இன்னும் வைத்திருக்கிறேன். என் முப்பத்தோரு வருஷத்தில் மேலிடத்திலிருந்து வந்த ஒரே பாராட்டு.

அந்த வாரமும் வியாழக்கிழமை வந்தது. பின்வாசலில் கட்டுத்துணிகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமல், எப்போதும் போலக் கேட்டாள்.

“பதில் வந்துட்டாய்யா?”

“வந்துவிட்டது.”

விரலுக்கு நடுவே இழுத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது; நிமிர்ந்து பார்த்தாள். “எப்பம் வந்துது?”

“நேற்று,” என்றேன். அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால், ஆபீஸில் பதிவு செய்கிற குரலில் தேதியையும் சொன்னேன். “ஜூலை ஐந்து.”